குடிதண்ணீருக்கு யார் சாட்சி?

“அஞ்ச வேண்டாம், தண்ணீர் நல்ல தண்ணீர்தான்.” உத்தியோக பீடங்களிலிருந்து இந்நாட்டு மக்களுக்கு அடிக்கடி அருளப்படும் திருவாக்கு இது. நல்லதென்று எவ்வாறு கண்டீர்கள் என்று கேட்டால், “பரிசோதித்தோம்” என்பார்கள். எந்த நாளிலே, எந்தக் குழாயிலே, எவ்வெப் பொருள்கள் உண்டோ என்று பரிசோதித்தீர்கள், கண்ட கணக்கு யாது என்று அடுத்த கேள்வியை எழுப்பினாலோ, கேட்டவன் குழப்பக்காரன் என்ற பட்டத்தைப் பெறுவான். தன் பிள்ளையின் வாயில் வார்க்கும் தண்ணீரைப் பற்றி ஒரு தகப்பன் கேட்கும் கேள்வி எப்பொழுது குழப்பமாயிற்று? அரிசி வாங்குகின்றவன் ஒரு பிடி அள்ளிப் பார்க்கின்றான். வெங்காயம் வாங்குகின்றவன் உரித்துப் பார்க்கின்றான். தண்ணீரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குடி என்று கட்டளையிடுவது எந்த ஊர் நியாயம்?

இக்கேள்வி இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீட்டு வாசல்களுக்கு வந்துவிட்டது. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கும் நிலையம் 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே திறந்து வைக்கப்பட்டது. இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவருவதா, கடல்நீரைச் சுத்திகரிப்பதா என்று பல ஆண்டுகள் நடந்த வாதத்தின் முடிவு அது. கிளிநொச்சிக் கமக்காரரின் வயல் நீரிலே கை வைக்காமற் குடாநாட்டுக்குக் குடிநீர் தேடப்பட்டது நன்றே. ஆனால், தலைமுறை தலைமுறையாகத் தன் வளவுக் கிணற்றிலே அள்ளிக் குடித்தவன், இனி எங்கோ ஓரிடத்திலிருந்து யாரோ திருப்பிவிடும் குழாயை நம்பிக் குடிக்கப் போகின்றான். தன் கிணற்றுக்குத் தானே காவலாக இருந்தவன் அவன். குழாய்க்கு யார் காவல்? அக்காவலாளியைக் காவல் செய்பவர் யார்? குழாயைப் புதைக்கும் வேகத்திலே இக்கேள்வியையும் சேர்த்துப் புதைத்துவிட நாம் இடங்கொடுக்கலாகாது.

சுன்னாகம் கற்பித்த பாடம்

யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியிலே பெய்யும் மழை செம்மண்ணில் ஊறிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தேங்குகின்றது. அடியிலே கிடக்கும் உவர்நீரின்மேல் அந்த நன்னீர் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நமது குடியும் நமது தோட்டமும் நமது மாடுகன்றுகளும் அந்த வில்லையை நம்பியே உயிர் வாழ்கின்றன. வலிகாமத்தின் அடியில் உள்ள நீர்ப்படுகைக்கு நிலவியலார் வைத்த பெயரே சுன்னாகப் படுகை என்பது. சந்தைக்குப் பெயர் பெற்ற அச்சிற்றூரின் நிலத்தடியிலே ஒரு கேடு புகுந்தால் அது அவ்வூரோடு நிற்காது. வெடிப்புகள் கிராமசேவகர் பிரிவின் எல்லையைக் கண்டு திரும்பிவிடுவன அல்ல.

அந்தச் சுன்னாகத்திலே, அனல் மின்நிலையத்தின் சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் மணக்கின்றது, படலம் மிதக்கின்றது என்று மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014 ஆம் ஆண்டுகளில் அப்பகுதிக் கிணறுகளைப் பரிசோதித்தது. பரிசோதித்த 150 கிணறுகளில் 109 கிணறுகளிலே எண்ணெய், கொழுப்புப் பொருள்கள் அனுமதிக்கப்பட்ட அளவைக் கடந்து காணப்பட்டன. நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு! இதைச் சொன்னவர்கள் தெருவிலே நின்று கூச்சலிட்டவர்கள் அல்லர். அரசாங்கத்தின் சொந்த நீர்ச் சபையார்.

இதன்பின் நடந்ததுதான் நாம் மறக்கலாகாதது. மக்கள் தெருவுக்கு இறங்கினர். மல்லாகம் நீதவான் நீதிமன்று தலையிட்ட பின்னரே 2015 இல் தனியார் மின்நிலையத்தின் இயக்கம் நின்றது. கிணற்றுக் கட்டிலே பிறந்து வளர்ந்த மக்கள் பவுசர் வண்டியின் பின்னாற் குடத்தோடு நின்றனர். அப்பொழுது வட மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. நமது வாக்கிலே பிறந்த நமது சபை! அக்குழு நீர் வழங்கல் சபையின் முடிவுக்கு மாறாக, அஞ்சத்தக்க மாசு இல்லை என்ற கருத்திலே ஆறுதல் மொழிந்தது. கிணறு ஒன்று, சான்று இரண்டு. குடிக்கின்றவன் எதைக் கைக்கொள்வான்? மாதிரிகள் எங்கே எடுக்கப்பட்டன, எந்தக் காலத்தில் எடுக்கப்பட்டன, எந்த முறையாற் சோதிக்கப்பட்டன என்பவற்றை இரு சாராரும் ஒரே மேடையில் வைத்து மக்கள் முன்னே விளக்கியிருந்தால் ஐயம் நீங்கியிருக்கும். அதற்குப் பதிலாகக் கட்சிக்கு ஒரு தண்ணீர், பத்திரிகைக்கு ஒரு தண்ணீர் என்று விவாதம் நடந்தது. பரிசோதனைத் தாள் அரசியல் துண்டுப்பிரசுரமாக இழிந்தது.

ஈற்றில் 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நிலத்தடி நீரை மாசுபடுத்தியமைக்காக மின் நிறுவனம் 2 கோடி ரூபாவைச் செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. குறைந்தது 500 கிணறுகள், கிணறொன்றைச் சுத்திகரிக்க 40,000 ரூபா என்பது அதன் கணக்கு. மேற்பார்வை செய்யக் கடமைப்பட்டிருந்த அரசாங்க அமைப்புகளும் தம் கடமையிலே தவறின என்பதும் வெளியாயிற்று. அத்தீர்ப்பை நாம் தலைவணங்கி ஏற்கின்றோம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 40,000 ரூபாவுக்குக் கிணற்றை இறைக்கலாம், சேற்றை வாரலாம், கட்டை வெள்ளையடிக்கலாம். பாறை வெடிப்பிலே புகுந்த எண்ணெயை எந்த ஆளைக் கொண்டு இறைப்பது? நீதி நோய்க்குப் பின் வரும் மருந்து. காவல் நோய்க்கு முன் இருக்க வேண்டியது.

இன்னொன்றையும் வெட்கத்தோடு குறிக்க வேண்டியிருக்கின்றது. அந்த அடிப்படை உரிமை வழக்கிலே மனுதாரராக நின்றவர் தெற்கைச் சேர்ந்த சூழலியலாளர் ஒருவர். நமது வாக்குகளால் ஆசனம் பெற்ற தலைவர் எவரும் அல்லர். தமிழன் குடிக்கும் தண்ணீருக்காகச் சிங்களவர் ஒருவர் கொழும்பிலே நீதிமன்றப் படி ஏறினார். அவருக்கு நன்றி. நமது தலைவர்களுக்கு ஒரு கேள்வி: மேடையிலே மண்ணைப் பற்றி முழங்குகின்றீர்களே, அந்த மண்ணின் அடியில் இருக்கும் நீர் உங்கள் முழக்கத்துள் அடங்காதோ?

வோக்கர்ட்டன் என்னும் சிற்றூர்

“இவையெல்லாம் ஏழை நாட்டின் குறைகள், முன்னேறிய நாட்டிலே இப்படி நடக்குமா?” என்று நம்மவரிற் சிலர் கேட்பர். நடந்தது. நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலேயே நடந்தது. வோக்கர்ட்டன் என்பது ஏறத்தாழ 5,000 மக்கள் வாழும் விவசாயச் சிற்றூர். குழாய் உண்டு, குளோரீன் இடும் கருவி உண்டு, பரிசோதனை உண்டு, பதிவேடு உண்டு. 2000 ஆம் ஆண்டு மே மாதத்திலே பெருமழை பெய்தது. ஆழமற்ற ஒரு கிணற்றின் அயலிலே, வயலுக்கு இட்ட மாட்டெருவிலிருந்த கொடிய நோய்க்கிருமிகள் வெடிப்புற்ற பாறை வழியாகக் கிணற்றிலே கலந்தன. வெடிப்புற்ற பாறை என்பதை யாழ்ப்பாணத்தார் குறித்துக்கொள்க. ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். எழுவர் மாண்டனர்.

எவ்வாறு நேர்ந்தது? குளோரீன் மீதி அளவை நாள்தோறும் அளந்து எழுத வேண்டியவர்கள் அளக்காமலே எழுதினார்கள். 0.5, 0.75 என்று ஒழுங்கான எண்கள் பதிவேட்டை அலங்கரித்தன. ஏடு நலமாக இருந்தது. நீர் நலமாக இல்லை. மே 17 ஆந் திகதி ஆய்வுகூடம் நீரில் மாசு உண்டு என்று நீர் நிலைய அதிகாரிக்கு அறிவித்தது. அவர் அதை வெளியிடவில்லை. பிள்ளைகள் இரத்தக் கழிச்சலோடு வைத்தியசாலைக்கு வரத் தொடங்கியதும், மே 19 இல் சுகாதாரப் பகுதியார் தொடர்புகொண்டு கேட்டனர். “தண்ணீர் நல்லது” என்ற அதே திருவாக்குக் கிடைத்தது. அதை நம்பி அமைதியுறாத சுகாதார வைத்திய அதிகாரி, சான்றுத் தாள் வரும்வரை காத்திராமல், மே 21 இல் நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஊருக்கு அறிவித்தார். அவர் தாமே எடுத்த மாதிரிகள் மே 23 இல் உண்மையை நிலைநாட்டின. இடைப்பட்ட நாள்களிலே ஊரார் அந்த நீரையே குடித்தனர்.

நீதிபதி டெனிஸ் ஓகொனர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கைகள் 2002 இல் வெளிவந்தன. அவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை நான்கு. முதலாவது, எருவிட்ட விவசாயி மீது குற்றமில்லை. அவர் முறைப்படியே தொழில் செய்தார். கிணற்றை அவ்விடத்தில் வைத்துக் காவாது விட்டவர்களே பொறுப்பாளிகள். கேடு வரும்போதெல்லாம் கமக்காரன் தலையிலே பழியைச் சுமத்தி நழுவுகின்றவர்கள் இதைக் கருத்தில் இருத்துவார்களாக. இரண்டாவது, குளோரீனையும் கலங்கலையும் இடைவிடாது அளக்கும் கருவி அக்கிணற்றிலே பொருத்தப்பட்டிருந்தால் அந்தப் பேரழிவு தடுக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, மாகாண அரசாங்கம் செலவைக் குறைப்பதற்காக 1996 இல் தன் ஆய்வுகூடங்களின் நீர்ப் பரிசோதனையை நிறுத்தி அவ்வேலையைத் தனியாரிடம் விட்டது. விட்டபோது, கெட்ட முடிவை நேரே சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்ற கட்டளையை அவர்கள்மேல் விதிக்கவில்லை. மிச்சம் பிடித்த காசைவிடப் புதைகுழி விலை கூடியதாயிற்று.

நான்காவது பாடமே எல்லாவற்றிலும் கசப்பானது. அந்த நீர் நிலையத்தார் நஞ்சூட்டும் நோக்கம் கொண்ட கொடியவர் அல்லர். குளோரீன் கலவாத அந்நீரைத் தாமே குடித்தவர்கள். “நாங்களும் இதைத்தானே குடிக்கின்றோம், எங்களுக்கு ஒன்றும் நேரவில்லையே” என்று உள்ளபடியே நம்பியவர்கள். இந்த வாக்கியம் நம் ஊரிலே எத்தனை வாயிலிருந்து வருகின்றது! நல்லவருடைய அறியாமையிலிருந்தும் மக்களைக் காப்பாற்றுவதற்கே சட்டம் வேண்டும். ஒன்ராறியோ 2002 இல் பாதுகாப்பான குடிநீருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஏழு உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற சட்டம் அது. நாம் எத்தனை உயிரைக் கொடுக்கக் காத்திருக்கின்றோம்?

பாதுகாப்பு என்பது கணக்கு

தண்ணீர் நல்லது என்பது நாவினாற் சொல்லும் சொல் அன்று. எண்ணினாற் காட்டும் கணக்கு. அந்தக் கணக்கு நமது மக்களுக்கு விளங்காது என்பது உத்தியோகத்தரின் கற்பனை. போக நட்டக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் மனத்திலே போடும் கமக்காரனுக்கு நான்கு எண்கள் விளங்காவோ? அவற்றை இங்கே சுருங்கச் சொல்வோம்.

நோய்க்கிருமிக்கு அடையாளமாகக் கொள்ளப்படுவது ஈ. கோலை என்னும் பற்றீரியா. மனிதர், விலங்குகளின் மலத்திலிருந்து வருவது. 100 மில்லிலீற்றர் நீரிலே அது ஒன்றுகூட இருத்தல் ஆகாது. குளோரீன் இட்ட குழாய்நீர் வீட்டுக்கு வந்து சேரும் இடத்திலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமற் குளோரீன் மீதி இருக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலே அளந்து, “இருக்கின்றது” என்று எழுதுவது போதாது. குழாயின் கடைசி வீட்டிலே அளக்க வேண்டும். ஏனெனில் நாள் முழுவதும் நீரோடாத குழாயிலே அமுக்கம் இறங்கும்போது, உடைவுகள் வழியே வெளியிலுள்ள அழுக்கு நீர் உள்ளே உறிஞ்சப்படும். நிலையத்திலே தூய்மையாகப் புறப்பட்டது வீட்டிலே அழுக்காக வந்து சேரும். புறப்பட்ட இடத்துச் சான்று வந்த இடத்துக்குச் சான்றாகுமோ?

நைத்திரேற்று என்பது மூன்றாவது எண். இதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இங்கே ஒரு பொறி இருக்கின்றது. கற்றோர் கூர்ந்து நோக்குக. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றின் முழு எடையை எழுதும். சில அதிலுள்ள நைதரசனின் எடையை மட்டும் எழுதும். முன்னதில் 50 என்பது பின்னதில் ஏறத்தாழ 11. ஆகவே “நைத்திரேற்று 20” என்ற தாளைக் காட்டி “50 க்குக் கீழே” என்று ஒருவர் ஆறுதல் கூறினால், எந்த 20 என்று கேளுங்கள். நைதரசன் கணக்கிலே 20 என்றால் அது எல்லையைத் தாண்டி ஏறத்தாழ இரு மடங்கை எட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர். அலகு எழுதாத எண் முகவரி எழுதாத கடிதம் போன்றது.

நான்காவது எண்ணெய். சுன்னாகத்துக்குப் பின் வலிகாமத்திலே இதைச் சோதியாத சான்றுத் தாள் முழுமையான தாளன்று. ஈ. கோலை இல்லை என்ற தாளை நீட்டி, எண்ணெயும் இல்லை என்று பொருள் கொள்ளச் செய்வது மோசடி. தேடாத பொருளைக் காணவில்லை என்பது ஒரு கண்டுபிடிப்பா?

கொதிக்க வைத்தால் எல்லாம் தீரும் என்று வீடுகளிலே நம்புகின்றனர். கொதிப்பிலே கிருமி சாகும், அது உண்மை. நைத்திரேற்று சாகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை அதனால் இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். தாய் அன்போடு கொதிக்க வைத்து ஆற்றிய நீரே சேய்க்குக் கேடாவதை விடப் பெரிய கொடுமை உண்டா? இதை அவளுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? சொன்னார்களா?

கண்ணுக்குத் தெளிவு, நாவுக்கு இனிமை என்பவையும் சான்று அல்ல. 2014 இல் அமெரிக்காவின் பிளின்ற் நகரிலே குடிநீர் ஆற்றுநீருக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து இடப்படவில்லை. ஈயம் நீரிலே கரைந்தது. அந்நீர் இயந்திர உதிரிகளை அரிக்கின்றது என்று அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலை அதைக் கைவிட்டது. மக்களுக்கோ அதன் பின்னும் “நல்ல தண்ணீர்” என்ற வாக்கே கிடைத்தது. இரும்புக்கு ஆகாத நீர் குழந்தைக்கு ஆயிற்று!

நமது கையிலும் கறை உண்டு

அரசாங்கத்தை மட்டும் சாடிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது. கழுவுகின்ற நீரே கறைபட்டிருக்கின்றது. யூரியாவை இரண்டு மடங்கு இட்டால் விளைச்சல் இரண்டு மடங்காகும் என்ற நம்பிக்கை இன்றும் தோட்டங்களில் வாழ்கின்றது. பயிர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். எஞ்சியது நைத்திரேற்றாகி, மண்ணிலே ஒட்டாமல், இறைத்த நீரோடும் மாரி மழையோடும் பாறைக்குள் இறங்கும். அதே நீரை மறுநாள் அதே கமக்காரன் இறைக்கின்றான், குடிக்கின்றான். காசு கொடுத்து வாங்கிய உரம் கிணற்றுக்குப் போவது பொருள் நட்டமும் ஆகும், உடல் நட்டமும் ஆகும். வோக்கர்ட்டன் விவசாயியைப் போல “நான் முறைப்படி செய்தேன்” என்று நெஞ்சிலே கை வைத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேராலே முடியும்? அந்த முறையைக் கற்பிக்க வேண்டிய விவசாயப் போதனாசிரியர் தோட்டத்துக்கு வருகின்றாரா என்பது தனிக் கேள்வி. அதையும் கேட்க வேண்டும்.

மலசலகூடக் குழி அதைவிடப் பெரிய கறை. காணி துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு வளவின் கிணறும் அடுத்த வளவின் குழியும் மதிலுக்கு இருபுறமும் முதுகு சாய்த்திருக்கின்றன. மதில் மேலே பிரிக்கின்றது. பாறை கீழே சேர்க்கின்றது. கட்டட அனுமதி வழங்கும் பிரதேச சபை வரைபடத்திலே முத்திரை குத்துமுன் அயல் வளவையும் எட்டிப் பார்க்கின்றதா?

கற்ற பெருமக்களுக்கு ஒரு சொல். வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே! போத்தல் நீரை வாங்கி உங்கள் வீட்டுக் கேள்வியை நீங்கள் தீர்த்துக்கொண்டீர்கள். ஊரின் கேள்வி தீரவில்லை. உங்கள் வீட்டு வேலைக்கு வருகின்றவளின் பிள்ளை கிணற்று நீரையே குடிக்கின்றது. பரிசோதனைத் தாளை வாசிக்கத் தெரிந்தவர்கள் மௌனம் சாதித்தால், வாசிக்கத் தெரியாதவர்கள் வதந்தியையன்றி வேறு எதை நம்புவர்? “தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே” என்பது நம் முன்னோர் வாக்கு. தண்ணீரை நாம் பழிக்கவில்லை. அதைக் கெடுத்தவனையும், கெட்டதை மறைப்பவனையும், கண்டும் வாளாவிருப்பவனையும் பழிக்கின்றோம்.

பீதி என்னும் பூச்சாண்டி

முடிவுகளை வெளியிட்டால் மக்கள் பீதி அடைவர் என்பது மறைப்பவர்களின் பழைய வாதம். சுன்னாகத்திலே பீதியை விளைத்தது வெளியிட்ட எண் அன்று, முரண்பட்ட சொற்கள். மாதந்தோறும் எண்ணைக் கண்டு பழகிய மக்கள் ஒரு மாதம் அது உயர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பர். ஆண்டுக்கணக்காக ஒன்றும் அறியாத மக்களே ஒரு நாள் வரும் செய்தியாற் கலங்கி ஓடுவர். பீதிக்கு மருந்து மறைப்பா, பழக்கமா?

பணமில்லை என்பது அடுத்த வாதம். 5,000 பேருக்குக் குறைந்த மக்களுக்கான குழாய் நீர் வழங்கலுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 12 கிருமிப் பரிசோதனை மாதிரிகள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி கூறுகின்றது. மாதத்துக்கு ஒன்று! கடலையே குடிநீராக்கப் பணம் கண்ட அரசாங்கத்துக்கு மாதம் ஒரு போத்தல் நீரைச் சோதிக்கப் பணமில்லை என்றால் அதை நம்புகின்றவன் யார்? எண்களை ஒரு பலகையில் எழுதச் சுண்ணக்கட்டி ஒன்று போதும்.

“நாங்களே பரிசோதிக்கின்றோம், பிறர் எதற்கு?” என்பது மூன்றாவது வாதம். தண்ணீரை வழங்குகின்றவரே தம் தண்ணீருக்குச் சான்றும் வழங்குவது, தராசு பிடிக்கின்ற வியாபாரியே நிறுவைப் பரிசோதகராகவும் இருப்பது போன்றது. அவர் நேர்மையாளராக இருக்கலாம். நேர்மையாளர் பிறர் பரிசோதனைக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

நாம் கேட்பவை

ஆதலின் வெறும் புலம்பலோடு நிறுத்தாமல், கேட்க வேண்டியவற்றை ஐந்தாக வகுத்துக் கேட்போம்.

ஒன்று: ஒவ்வொரு ஊரின் குழாய்நீர், பொதுக் கிணற்று நீர் ஆகியவற்றின் பரிசோதனை முடிவுகள் மாதந்தோறும் பிரதேச சபை வாசலிலும் சந்தையிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். மாதிரி எடுத்த இடம், திகதி, சோதித்த பொருள், எண், அலகு, எல்லை ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது கடிதத் தலைப்புக்கு மட்டும் உரிய அலங்காரம் அன்று.

இரண்டு: நீர் வழங்குவோரைச் சாராத ஆய்வுகூடம் ஒன்றும் மாதிரிகளைச் சோதிக்க வேண்டும். கெட்ட முடிவு கண்ட ஆய்வுகூடம் அதே நாளில் நேரே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும்.

மூன்று: ஐயம் தோன்றிய அளவிலேயே, கொழும்பின் உத்தரவுக்குக் காத்திராது ஊரை எச்சரிக்கும் அதிகாரம் சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஐயத்துக்கிடமின்றி இருக்க வேண்டும். எச்சரித்தமைக்காக அவர் தண்டிக்கப்படலாகாது.

நான்கு: வலிகாமத்திலே எண்ணெயும் நைத்திரேற்றும் ஒழுங்காகச் சோதிக்கப்பட வேண்டும். குழாய் வந்துவிட்டது என்று சொல்லிக் கிணறுகளைக் கைவிடலாகாது. தோட்டம் இன்னும் அக்கிணறுகளை நம்பியே இருக்கின்றது.

ஐந்து: குளோரீன் மீதியை நிலையத்தில் மட்டுமன்றிக் குழாயின் கடைசி வீட்டிலும் அளக்க வேண்டும். அளக்கும்போது அவ்வூரார் ஒருவர் சாட்சியாக நின்று பதிவேட்டிலே கையொப்பமிட வேண்டும். அளக்காத எண்ணை எழுதும் கை அப்பொழுதுதான் நடுங்கும்.

இவற்றைத் தாமாகத் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலே இருக்கின்றது. எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாள்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை அறிவிக்க அதிகாரி கடமைப்பட்டவர். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு உண்டு. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும், ஒவ்வொரு சனசமூக நிலையமும், ஒவ்வொரு பழைய மாணவர் சங்கமும் தத்தம் ஊர்த் தண்ணீரின் சென்ற ஓராண்டுப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதட்டும். எழுதத் தெரிந்த ஆசிரியர் எழுதிக் கொடுக்கட்டும். வாசிக்கத் தெரிந்த வைத்தியர் வந்து விளக்கட்டும். சட்டத்தரணி மேன்முறையீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். விடை வந்தால் அதை வாசிகசாலைச் சுவரிலே ஒட்டுங்கள். விடை வராவிட்டால், விடை வரவில்லை என்பதையே எழுதி ஒட்டுங்கள். அதுவும் ஒரு பரிசோதனை முடிவுதான்.

வாக்குக் கேட்டு வருவோரிடமும் இந்தத் தாளை நீட்டுங்கள். “எங்கள் ஊர்த் தண்ணீரில் நைத்திரேற்று எவ்வளவு?” என்று கேளுங்கள். தெரியாது என்பாராயின், தெரிந்துகொண்டு வரும்படி திருப்பி அனுப்புங்கள். உரிமை என்பது மேடையிலிருந்து இறங்கி வரும் பெரிய சொல் மட்டும் அன்று. தான் குடிக்கும் தண்ணீரில் என்ன இருக்கின்றது என்பதை அறிந்து குடிப்பதும் உரிமையே. அதைக்கூடக் கேட்டுப் பெறாத மக்களுக்கு வேறு எந்த உரிமையை யார் தேடி வந்து கொடுப்பார்?